எடைக் குறைப்பு அறுவைக்கு முன் அலுவலகத்தில் யாரிடம், எதை, எவ்வளவு சொன்னேன்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொள்வது என்று முடிவெடுத்த பிறகு, உடல் சம்பந்தமாக எனக்கிருந்த கேள்விகளுக்கு மருத்துவரும் உணவியல் நிபுணரும் பொறுமையாக விடை சொன்னார்கள். ஆனால் வேலை செய்யும் இடத்தில் இதை எப்படிச் சொல்வது, எவ்வளவு சொல்வது, விடுப்பை எந்தப் பெயரில் கேட்பது என்பதற்கு வழிகாட்ட எனக்குத் தெரிந்தவர்களில் ஒருவரும் இல்லை. பெரிய நிறுவனங்களில் மனிதவளப் பிரிவு இருக்கும். படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். நான் வேலை பார்ப்பதோ சென்னைப் பாரிமுனையில், துறைமுகத்துக்குச் செல்லும் ராஜாஜி சாலையை ஒட்டிய ஒரு கிளியரிங் ஏஜென்சியில். இறக்குமதியாளர்களுக்காகச் சுங்க வேலைகளை முடித்துச் சரக்கை வெளியே எடுத்துத் தருவது எங்கள் தொழில். முதலாளி, கணக்குப் பார்க்கும் அக்கா, ஆவணப் பிரிவில் நாங்கள் சிலர், யார்டுக்கும் கஸ்டம்ஸ் ஹவுஸுக்கும் அலையும் தம்பிகள், அவ்வளவுதான் அலுவலகம். ஒருவர் வரவில்லையென்றால் காலை பத்தரை மணிக்குள் எல்லோருக்கும் காரணம் தெரிந்திருக்கும். அப்படிப்பட்ட இடத்தில் வேலை செய்யும் ஒருவருக்கு, குறிப்பாக ஒரு பெண்ணுக்கு, பயன்படும் என்ற எண்ணத்தில் இதை எழுதுகிறேன்.

அறுவைக்கு முன் என் உயரம் 155 செ.மீ., எடை 98 கிலோ. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துச் சொல்லும் பி.எம்.ஐ. கணக்கில் அது ஏறத்தாழ 41. மாத்திரைக்குக் கட்டுப்படாத சர்க்கரையும், தூக்கத்தில் மூச்சு தடைபடும் தொல்லையும் சேர்ந்திருந்தன. எனக்குப் பரிந்துரைக்கப்பட்டது ஸ்லீவ் எனப்படும் முறை. வயிற்றில் சிறு துளைகள் இட்டு, லேப்ராஸ்கோப்பி மூலம் இரைப்பையின் ஏறக்குறைய முக்கால் பாகத்துக்கும் மேல் வெட்டி நீக்கி, மீதியை ஒரு நீளக் குழாய் போல விட்டுவிடுகிறார்கள். அகற்றிய பகுதியைத் திரும்பப் பொருத்த முடியாது. சிக்கல் எதுவும் இல்லையென்றால் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பலாம். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு இரண்டு முதல் மூன்று வாரத்தில் போகலாம். பாரம் தூக்குவதை மட்டும் நான்கு முதல் ஆறு வாரம் வரை தவிர்க்க வேண்டும். இந்த மருத்துவ விவரங்கள்தான் பின்னால் முதலாளியுடன் நடந்த பேச்சுக்கு அடித்தளமாக அமைந்தன. ஆகையால் வாய் திறப்பதற்கு முன் இவற்றை உங்கள் மருத்துவரிடம் உங்கள் வேலையைச் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். “எப்போது வேலைக்குப் போகலாம்?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். “மணலியில் உள்ள கன்டெய்னர் யார்டில் வெயிலில் நின்று சரக்குச் சோதனையைப் பார்க்கும் வேலையும் எனக்கு உண்டு” என்று சொன்ன பிறகுதான், மேசை வேலைக்கு ஒரு தேதியும் யார்டு வேலைக்கு அதைவிடத் தள்ளி வேறொரு தேதியும் எனக்குக் கிடைத்தன.

இந்த அறுவைக்கும் மற்ற அறுவைகளுக்கும் ஒரு முக்கிய வேறுபாடு உண்டு. பித்தப்பைக் கல்லை எடுத்தால் அதை யாருக்கும் சொல்லாமலே காலம் முழுவதும் இருந்துவிடலாம். இதில் அது நடக்காது. ஆறு மாதத்தில் முகம் ஒட்டும், ரவிக்கை தொளதொளக்கும், மதியச் சாப்பாட்டு அளவு எல்லோர் கண்ணிலும் படும். நம் ஊரில் உடம்பு ஏறினால் ஒரு பேச்சு என்றால் இளைத்தால் பத்துப் பேச்சு. “சுகரா? டி.பி.யா? வீட்டில் ஏதாவது பிரச்சினையா?” என்று ஆரம்பித்து, வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் நோய்கள் வரைக்கும் ஊகம் போகும். ஆகவே, நான் எனக்கு வைத்துக்கொண்ட அளவுகோல் இதுதான்: இன்று சொல்லும் வாக்கியம் ஆறு மாதம் கழித்தும் பொய்யாகிவிடக் கூடாது. முழுவதையும் சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. ஆனால் குடலிறக்கம், கர்ப்பப்பைக் கட்டி என்று வேறு ஏதாவது பெயரைச் சொல்லிவிட்டால், பிறகு ஒவ்வொரு மாதமும் அந்தப் பொய்க்குத் தீனி போட வேண்டியிருக்கும். என் மாமியார், “ஆபீஸ்ல எதுவும் மூச்சு விடாத, கண்ணு பட்டுடும்” என்றார்கள். அவர்களுடைய அக்கறை எனக்குப் புரிந்தது. ஆனாலும் வேலையை இழக்காமல் திரும்பி வர வேண்டுமென்றால் குறைந்தபட்சம் முதலாளியாவது உண்மையைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன்.

அந்த உறுதிக்கு இன்னொரு காரணமும் உண்டு. மணலிப் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் தோழி, எனக்கு முன்பே இதே அறுவையைச் செய்துகொண்டவள். விடுப்புக் கடிதத்தில் “எடை குறைப்பு சிகிச்சை” என்று மட்டும் எழுதிக் கொடுத்தாள். கடிதத்தைப் படித்த மேலாளர் அதை அழகு நிலையச் சமாச்சாரமாக எடுத்துக்கொண்டார். “இதுக்கெல்லாம் மெடிக்கல் லீவு கிடையாது” என்று சொல்லி, அவள் வராத நாள் முழுவதற்கும் சம்பளத்தைப் பிடித்தார்கள். அவளுக்கு இரத்த அழுத்தமும் மூட்டுத் தேய்மானமும் இருந்தன; மருத்துவர் எழுதிக் கொடுத்துதான் அவள் போனாள். ஆனால் கடிதத்தில் நோயின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. அவள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு, கடிதம் எடையில் தொடங்கக் கூடாது, நோயில் தொடங்க வேண்டும் என்பதை நான் மனத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். உடல் பருமனையே ஒரு நோயாக மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பது உண்மைதான்; ஆனால் விடுப்புக்குக் கையெழுத்துப் போடும் மேசையில் அந்த விவாதத்தை நடத்திக்கொண்டிருக்க நமக்கு நேரமோ தெம்போ இருக்காது. சர்க்கரை என்றால் எல்லோருக்கும் புரியும். அது பொய்யும் இல்லை.

தேதியைத் தேர்ந்தெடுப்பதில் நான் நிறைய யோசித்தேன்; என் அனுபவத்தில் முதலாளியின் சம்மதத்தைப் பெற்றுத் தந்தது மற்ற எதையும்விட இந்த யோசனைதான். இது அவசர அறுவை அல்ல என்பதால் சில வாரங்கள் முன்பின்னாக நகர்த்த முடியும். அக்டோபர் இறுதி முதல் டிசம்பர் வரை எங்கள் பக்கம் மழையை நம்ப முடியாது. கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் வியாசர்பாடியிலிருந்து ஒரு ஆம்புலன்ஸ் கூடச் சுற்றித்தான் வர வேண்டும்; 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நாங்கள் வீட்டை விட்டே இறங்க முடியவில்லை. காய்ச்சலோ வாந்தியோ வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய முதல் சில வாரங்களை அந்தப் பருவத்தில் வைக்க எனக்கு மனமில்லை. ஏப்ரல், மே வெயிலும் ஒத்துவராது. அறுவைக்குப் பின் ஒரே மடக்கில் தண்ணீர் குடிக்க முடியாது, மிடறு மிடறாகத்தான் குடிக்க முடியும் என்பதால் உடலில் நீர் வற்றிப்போகும் அபாயம் அதிகம் என்று மருத்துவர் எச்சரித்திருந்தார். ஆடியில் உடம்பில் கத்தி வைக்க வேண்டாம் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள். மிஞ்சியது பொங்கலுக்குப் பிந்தைய நாட்கள். ஜனவரி மூன்றாம் வாரம் என்று மனத்தில் குறித்துக்கொண்டு முதலாளியின் அறைக்குப் போனேன்.

போன நேரமும் நான் தேர்ந்தெடுத்ததுதான். மாலையில் அன்றைய பில் ஆஃப் என்ட்ரிகள் (இறக்குமதிச் சரக்குக்காகச் சுங்கத்தில் கொடுக்கும் படிவங்கள்) எல்லாம் தாக்கலாகி, தொலைபேசி கொஞ்சம் அடங்கிய பிறகு, “சார், ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்து பேசணும்” என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, “வேற எடத்துல வேலை கெடைச்சிடுச்சாம்மா?” என்றார். வேலையை விடப் போவதில்லை என்று தெரிந்ததுமே அவர் முகம் இளகியதைப் பார்த்தேன். சர்க்கரை, மூச்சுத் தடை, மருத்துவர் பரிந்துரை, அறுவையின் பெயர், இந்த வரிசையில் சொன்னேன்.

“வாயக் கட்டினா கொறையாதாம்மா?”

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். யாராக இருந்தாலும் கேட்பார்கள். கேட்பவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணத்தோடு கேட்பதில்லை. “பல வருஷமாக் கட்டிப் பாத்துட்டேன் சார். கொறைஞ்சது திரும்ப ஏறிடுது. சுகர் கண்ணையும் கிட்னியையும் தொடறதுக்கு முன்னாடி பண்ணிக்கச் சொல்றாங்க” என்று மட்டும் சொன்னேன். எத்தனை முறை உணவுக் கட்டுப்பாடு இருந்தேன், எதைச் சாப்பிட்டேன், எதை விட்டேன் என்ற கணக்கை அவர் முன் வைக்கவில்லை. அந்தக் கணக்கைத் தொடங்கிவிட்டால், விடுப்புக் கேட்க வந்த நான் என் நடத்தைக்குச் சாட்சி சொல்லும் நிலைக்குத் தள்ளப்பட்டிருப்பேன்.

அடுத்து அவர் கேட்டது உண்மையான பயத்தில் வந்த கேள்வி. 2024இல் சென்னைப் புறநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக் குறைப்பு அறுவைக்கு வந்த இளைஞர் ஒருவர் இறந்த செய்தியை அவர் படித்திருந்தார். “அந்த மாதிரி ஆயிடுச்சுன்னா?” என்றார். அந்தச் செய்தி வெளியான நாள் முதல் என் வீட்டிலும் அதே கேள்விதான் ஓடிக்கொண்டிருந்தது. ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் நம்பியிருக்கவும் மாட்டார். இசிஜி, எக்கோ, எண்டோஸ்கோப்பி, நுரையீரல் பரிசோதனை ஆகியவற்றை எடுத்து, மயக்க மருந்து நிபுணர் பார்த்துச் சம்மதித்த பிறகே நாள் குறிப்பார்கள் என்பதையும், தீவிர சிகிச்சைப் பிரிவும் இரவில் மருத்துவரும் இருக்கும் இடத்தைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறேன் என்பதையும் சொன்னேன். அதற்குப் பிறகு பேச்சு என் உடம்பை விட்டுத் தேதிக்குப் போனது. எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

ஜனவரி மூன்றாம் வாரம் என்றதும் அவர் காலண்டரைப் பார்த்தார். பிப்ரவரி 1 மத்திய பட்ஜெட். சுங்க வரி மாறும் என்ற எதிர்பார்ப்பில் இறக்குமதியாளர்கள் அதற்கு முன்பே அவசரப்படுவார்கள்; மாறிவிட்டால் அடுத்த சில நாட்கள் ஒவ்வொரு பொருளின் வரியையும் புதிதாகச் சரிபார்க்க வேண்டியிருக்கும். எங்கள் அலுவலகத்தில் ஜி-கார்டு, அதாவது சுங்கத் துறைத் தேர்வில் தேறிய ஊழியருக்கான அனுமதி அட்டை, வைத்திருப்பவர்களே குறைவு. அவர்களில் நானும் ஒருத்தி. “ஏப்ரல்ல வெச்சுக்கலாமே” என்றார். ஏப்ரலுக்குச் சம்மதிக்க முடியாது என்பதற்கு மருத்துவர் சொன்ன காரணம் என்னிடம் இருந்ததால் அதைச் சொன்னேன். அதே நேரத்தில் பட்ஜெட் வாரம் முடியும் வரை இருந்துவிட்டு, பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் அறுவை வைத்துக்கொள்ள நான் முன்வந்தேன். அதற்குப் பதிலாக ஒன்று கேட்டேன்: மார்ச் மாதக் கணக்கு முடிப்பு நெருக்கடியில் என்னை மேசையை விட்டு யார்டுக்கு அனுப்பக் கூடாது. அவர் ஒப்புக்கொண்டார். முதலாளி எதைக் கேட்டாலும் மறுக்க வேண்டியதில்லை, எதைக் கேட்டாலும் தலையாட்டவும் வேண்டியதில்லை. எந்த வாரத்தை நகர்த்தலாம், எந்த மாதத்தைத் தொடவே கூடாது என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொண்டு போனால் இரண்டுக்கும் நடுவில் நின்று பேச முடிகிறது.

வாய்ச்சொல்லோடு விட்டுவிடாமல், மறுநாள் காலையிலேயே மின்னஞ்சல் அனுப்பினேன். ஆங்கிலத்தில் எழுதியதன் சாரத்தைத் தமிழில் தருகிறேன்:

“மதிப்பிற்குரிய ஐயா, நேற்று நேரில் பேசியதன் தொடர்ச்சியாக இதை எழுதுகிறேன். நீரிழிவையும் தூக்கத்தில் ஏற்படும் மூச்சுத் தடையையும் கட்டுப்படுத்துவதற்காக, மருத்துவரின் பரிந்துரையின் பேரில் எனக்கு பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் வயிற்றில் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சை நடைபெற உள்ளது. அன்று முதல் மூன்று வாரம் விடுப்பு வேண்டுகிறேன். மருத்துவக் காரணங்களால் தேவைப்பட்டால் மேலும் ஒரு வாரம் நீட்டிக்க வேண்டியிருக்கலாம். அப்படியானால் உரிய சான்றிதழுடன் முன்கூட்டியே தெரிவிப்பேன். பணிக்குத் திரும்பிய பின், மருத்துவர் அனுமதிக்கும் வரை யார்டு பணியிலிருந்தும் கோப்புப் பெட்டிகளைத் தூக்குவதிலிருந்தும் விலக்கு வேண்டுகிறேன். என் பொறுப்பில் உள்ள இறக்குமதியாளர்களின் பட்டியலும் நிலுவை விவரமும் இத்துடன் உள்ளன. விடுப்புக்கு ஒரு வாரம் முன்பே அவற்றை உடன் பணிபுரிபவரிடம் ஒப்படைத்துவிடுகிறேன்.”

நீட்டிப்பு பற்றிய அந்த வரியைத் தேவையில்லாத பயமுறுத்தல் என்று சிலர் நினைக்கலாம். அப்படியல்ல. இரைப்பையைத் தைத்த கோட்டில் கசிவு ஏற்படுவது அரிது. ஆனால் ஏற்பட்டால் பெரும்பாலும் அது முதல் சில வாரங்களுக்குள் தெரியவரும், மறுபடி மருத்துவமனையில் சேர வேண்டியும் வரலாம். அந்த நிலையில் படுக்கையிலிருந்துகொண்டு புதிதாக விடுப்புக்கு வாதாடுவதைவிட, முன்பே ஒரு வரி எழுதிவைப்பது நல்லது. எனக்கு அந்த நான்காவது வாரம் தேவைப்படவில்லை. எழுதியிருந்ததால் வீட்டில் நிம்மதியாகப் படுத்திருக்க முடிந்தது.

விடுப்புக்கு உரிமை எது, முதலாளியின் தயவு எது என்பதைப் பிரித்துத் தெரிந்துகொள்வதும் அவசியம். எங்களைப் போன்ற அலுவலகங்களுக்கும் கடைகளுக்கும் பொருந்துவது 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம். ஓராண்டு தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடுத்த ஆண்டில் 12 நாள் சம்பளத்துடன் கூடிய விடுமுறை. அதோடு ஆண்டுக்கு 12 நாள் வரை நோய்க்கான விடுப்பு, 12 நாள் வரை தற்செயல் விடுப்பு. இந்த மூன்றும் அதில் உண்டு. நோய் விடுப்பையும் ஈட்டிய விடுப்பையும் சேர்த்தே என் மூன்று வாரம் சம்பளப் பிடித்தமில்லாமல் முடிந்தது; தற்செயல் விடுப்பைத் தொடவில்லை, அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். அறுவை உறுதியானதும் அந்த ஆண்டின் விடுப்பைக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் செலவழிக்காமல் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது. கடைகளில் நாள் முழுவதும் நின்று வேலை செய்யும் பெண்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும்: ஊழியர்கள் உட்கார இருக்கை வசதி தர வேண்டும் என்று 2021இல் இதே சட்டத்தில் திருத்தம் வந்திருக்கிறது. அறுவைக்குப் பின் வேலைக்குத் திரும்பும்போது நாற்காலி கேட்பதற்குத் தயங்க வேண்டியதில்லை.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்கு உட்பட்டு இ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுக்குச் சந்தா பிடிக்கப்படுபவர்களுக்கு வழி வேறு. உரிய காலத்துக்குச் சந்தா செலுத்தியிருந்து, இ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்றிதழும் இருந்தால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 70 விழுக்காடு நோய்க்காலப் பயனாகக் கிடைக்கும். ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள். அந்தப் பயனைப் பெற்றுக்கொண்டிருக்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கக் கூடாது என்ற பாதுகாப்பும் இ.எஸ்.ஐ. சட்டத்தில் இடம்பெற்றது. தண்டையார்பேட்டை, பெரம்பூர் பக்கத்து ஆலைத் தொழிலாளர்கள் பலருக்கு அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனை தெரியும், இந்தப் பணப் பயன் தெரிந்தவர்கள் குறைவு.

காப்பீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் முதலாளிக்கு அறுவையின் உண்மைப் பெயரை நானே சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் அலுவலகம் எடுத்திருக்கும் குழுக் காப்பீட்டின் விவகாரங்களைக் கணக்குப் பார்க்கும் அக்காதான் கவனிக்கிறார். கோரிக்கைப் படிவத்தில் அறுவையின் பெயர் இல்லாமல் இருக்காது. தாளைப் பார்த்து முதலாளி தெரிந்துகொள்வதைவிட என் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வது மேல் என்று நினைத்தேன். தனிநபர் பாலிசி வைத்திருப்பவர்கள், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த நிபந்தனைகளைக் கவனிக்க வேண்டும்: 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், மருத்துவரின் பரிந்துரை வேண்டும், பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், அல்லது குறைந்தது 35 ஆக இருந்து கட்டுப்படாத சர்க்கரை, இதய நோய், கடுமையான தூக்க மூச்சுத் தடை போன்றவை சேர்ந்திருக்க வேண்டும். எளிய வழிகளில் எடை குறைக்க முயன்று பலிக்காமல் போயிருக்க வேண்டும். கடைசி நிபந்தனைக்காகப் பழைய மருந்துச் சீட்டுகளையும் உணவியல் நிபுணரின் குறிப்புகளையும் பத்திரப்படுத்தி வையுங்கள். அலுவலகத்தில் முன்னறிவிப்புக் கொடுத்தாலும், காப்பீட்டு முன் அனுமதி கையில் வரும் வரை தேதியை உறுதி என்று சொல்லாமல் “உத்தேசமாக” என்று சொல்வதே பாதுகாப்பு.

தாள்கள் விஷயத்தில் இன்னொன்று. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் உங்கள் எடை, மற்ற நோய்கள், எடுத்துவரும் மாத்திரைகள், பெண்களென்றால் மாதவிடாய், பிரசவ விவரங்கள் வரை எல்லாம் இருக்கலாம். அது காப்பீட்டுக்குத் தேவை. விடுப்புக் கோப்புக்குத் தேவையில்லை. விடுப்புக்கு, வயிற்றில் அறுவை நடந்தது, இத்தனை நாள் ஓய்வு தேவை என்று மட்டும் சொல்லும் தனிச் சான்றிதழைக் கேட்டு வாங்கினேன். திரும்பியபோது, எந்த வேலை செய்யலாம், எது கூடாது என்று எழுதிய தகுதிச் சான்றிதழ் ஒன்று. கேட்டால் மருத்துவர்கள் தருகிறார்கள். கேட்காவிட்டால் நாமே டிஸ்சார்ஜ் சம்மரியை நகலெடுத்து ஊழியர் கோப்பில் சேர்த்துவிட்டு வருவோம்.

உடன் வேலை செய்பவர்களிடம் என்ன சொல்வது என்பதை முதலாளியிடமே பேசி முடித்துக்கொண்டேன். “மத்தவங்களுக்கு நானே சொல்லிக்கறேன் சார்” என்றேன். அவர் அந்த வார்த்தையைக் காப்பாற்றினார். அலுவலகத்துக்கு நான் தயார் செய்திருந்த வாக்கியம் இது: “சுகருக்காக வயித்துல ஒரு ஆபரேஷன். அதுக்கப்புறம் சாப்பாடு கொறையும், உடம்பும் எளைக்கும்.” இதில் பொய் எதுவும் இல்லை. ஆறு மாதம் கழித்து இளைத்து நின்றபோது யாருக்கும் அதிர்ச்சியும் இல்லை, ஏனென்றால் இளைப்பேன் என்பதை நானே சொல்லிவிட்டேன். அதற்கு மேல் துருவியவர்களிடம் “டாக்டர் சொன்னாங்க, பண்ணிக்கறேன்” என்று முடித்துக்கொண்டேன். என் வேலையை ஏற்றுக்கொண்ட தம்பியிடம் மட்டும் விவரமாகச் சொன்னேன். நடுவில் எந்த நாட்களில் என்னைத் தொலைபேசியில் பிடிக்க முடியும், எந்த நாட்களில் முடியவே முடியாது என்பது அவனுக்குத் தெரிய வேண்டும். முதல் வாரம் முழுவதும் அழைக்க வேண்டாம், இரண்டாம் வாரத்திலிருந்து மதியத்துக்கு மேல் வாட்ஸ்அப்பில் கேள்வியை அனுப்பி வை என்று சொல்லியிருந்தேன். இந்த எல்லையை விடுப்புக்கு முன்பே வகுத்துவிட வேண்டும். “எப்ப வேணும்னாலும் கூப்பிடு” என்று சொல்லிவிட்டால், சுங்கத் துறையின் ஐஸ்கேட் இணையதளத்தில் ஒரு பிழைச் செய்தி வந்தாலும் அழைப்பு வரும்.

அறுவைக்கு முந்தைய நாட்களும் அலுவலகத்தில்தான் கழியும் என்பதைப் பலர் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. கல்லீரலின் அளவைக் குறைத்து அறுவைக்கு இடம் ஏற்படுத்துவதற்காக, ஓரிரு வாரம் மிகக் குறைந்த கலோரியில் புரதப் பானங்களையும் சூப்பையும் முக்கிய உணவாக வைத்திருப்பார்கள். எனக்கு அது பட்ஜெட் வாரத்தோடு சேர்ந்து வந்தது. முதல் சில நாட்கள் தலைவலியும் எரிச்சலும் இருந்தன. சர்க்கரை மாத்திரையின் அளவை மருத்துவர் முன்பே குறைத்துக் கொடுத்திருந்தார்; அதை நாமாகச் செய்யக் கூடாது, கேட்காமலும் விடக் கூடாது, ஏனென்றால் சாப்பாடு குறைந்து மாத்திரை குறையாவிட்டால் மேசையிலேயே மயங்கி விழ நேரலாம். கணக்கு அக்காவிடம் அந்த ஒன்றை மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

மார்ச் முதல் வாரத்தில் வேலைக்குத் திரும்பினேன். தண்டையார்பேட்டையிலிருந்து மண்ணடி வரை மெட்ரோ. 2021இல் விம்கோ நகர் வரை தடம் நீண்டது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய உதவி. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டியை ஓட்டிக்கொண்டு, பள்ளத்துக்குப் பள்ளம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரும் நிலை இல்லாமல் போயிற்று. மேசையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலும், மருந்துக் கடையில் வாங்கிய 30 மி.லி. அளவுக் கோப்பையும் இருந்தன. கோப்பையை நிரப்பி, இரண்டு மூன்று மிடறாகக் குடித்து, ஒரு பில்லைச் சரிபார்த்து முடித்ததும் அடுத்த கோப்பை. சாப்பிடும்போதும் சாப்பிட்ட பின் அரை மணி நேரமும் தண்ணீர் கூடாது என்பதால், நாளில் ஒன்றரை லிட்டரைத் தாண்டுவதே ஒரு தனி வேலையாக இருந்தது. சாப்பாட்டை ஒரு மணிக்கு ஒரே நேரத்தில் முடிக்க முடியாது. குழைத்த பருப்பு, மசித்த முட்டை, தயிர் என்று சில கரண்டிகளைப் பல வேளையாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மெதுவாக மென்று சாப்பிட வேண்டும். ஆகவே ஒரு நீண்ட இடைவேளைக்குப் பதிலாகச் சில குட்டி இடைவேளைகள் வேண்டும் என்று முதலாளியிடம் முன்பே கேட்டு வாங்கியிருந்தேன். வேலை நேரம் குறையாத எந்த மாற்றத்துக்கும் அவர் தடை சொல்லவில்லை.

உபசரிப்பதில் எங்கள் பக்கத்து மனிதர்கள் கை நீண்டவர்கள். யார் வீட்டு விசேஷமானாலும் பிரியாணிப் பொட்டலம் மேசைக்கு வந்துவிடும். ஆயுத பூஜைக்கு லட்டும் பொரியும் வேண்டாம் என்று சொன்னால் மனம் சங்கடப்படும். இங்கேதான் முன்பே சொல்லிவைத்த வாக்கியம் எனக்குக் கைகொடுத்தது. “அக்காவுக்கு ஆபரேஷன் ஆயிருக்கு, வற்புறுத்தாத” என்று மற்றவர்களே குரல் கொடுத்தார்கள். ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தால் ஒவ்வொரு லட்டுக்கும் நான் தனித்தனியாகக் காரணம் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

மூன்றாம் மாதத்துக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வேகமாக எடை இறங்கும்போது இது பலருக்கு நேர்வது. புரதமும் இரும்புச் சத்தும் சரியாக இருந்தால் சில மாதங்களில் திரும்ப வளர்ந்துவிடும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அலுவலகத்தில் கேட்டவர்களிடம் அதையே சொன்னேன்.

தற்செயல் விடுப்பைத் தொடாமல் வைத்திருந்தேன் என்று சொன்னேன் அல்லவா, அது அறுவைக்குப் பிந்தைய மருத்துவச் சந்திப்புகளுக்காக. ஒன்று, மூன்று, ஆறு, பன்னிரண்டு மாதங்களில் மருத்துவரைப் பார்க்க வேண்டும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை ஆயுள் முழுவதும் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். அறுவைக்கான விடுப்பை மட்டும் கேட்டுவிட்டு இந்தச் சந்திப்புகளை மறந்துவிட்டால், “இன்னும் முடியலையா?” என்ற கேள்வி பின்னால் வரும். நான் முதல் கடிதத்தோடு சேர்த்தே, அடுத்த ஓராண்டுக்கான உத்தேசத் தேதிகளையும் கொடுத்துவிட்டேன். இரத்தப் பரிசோதனைக்கு விடுப்பே தேவைப்படுவதில்லை. காலை ஏழு மணிக்கு வெறும் வயிற்றில் வண்ணாரப்பேட்டைப் பரிசோதனைக் கூடத்தில் இரத்தம் கொடுத்துவிட்டு, புரதப் பானத்தைக் குடித்து முடித்து, பத்து மணிக்கு முன்பே அலுவலகத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். மருத்துவரைச் சந்திக்கும் நாளுக்கு மட்டும் அரை நாள் எழுதிக் கொடுக்கிறேன்.